குழிக்கு மேலே நின்று எடுத்த படம்

(ஒசூரில், படம் எடுக்கக் கற்றுக்கொள்ளும் நம் பிள்ளைகள் நடுவே பேசியது. பேச்சுவழக்கு பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

தோழர்களே,

பூமிக்கு அடியில் படம் எடுப்பதைப் பற்றிப் பேசச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் கல்யாண வீட்டு போட்டோகிராபர். மணவறை, மொய் எழுதுகிற மேசை, பந்தி, இதுதான் என் உலகம். குகைக்குள் போய்ப் படம் எடுத்துப் பரிசு வாங்கின ஆள் இல்லை. ஆனால் என் தாத்தா தங்கவயல் சுரங்கத்தில் இறங்கி வேலை செய்தவர். நான் ஒரு செப்டிக் டேங்க் பக்கத்தில் நின்று எட்டுப் படம் எடுத்தவன். இந்த ரெண்டு தகுதியில்தான் பேசுகிறேன். வேற தகுதி எதிர்பார்த்து வந்தவங்க மன்னிக்கணும்.

முதலில் தாத்தா கதை. கிருஷ்ணகிரியிலிருந்து நேர் வடக்கே, குப்பத்தைத் தாண்டிப் போனால் கோலார் தங்கவயல். நாம் இருக்கிற இடத்துக்கு அக்கம்பக்கம்தான், ஆனால் மாநிலம் வேற. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே வந்தது. வடஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கத்துச் சேரிகளிலிருந்து நம்ம சனங்க கூட்டம் கூட்டமாகப் போனார்கள். ஊரில் ஆண்டையிடம் அடிமைப்பட்டுக் கிடப்பதைவிடப் பாதாளம் மேல் என்று போனவர்கள். பின்னாளில் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேலே ஆழம் போனது. அந்த ஆழத்தில் பாறையின் சூடு 60 டிகிரிக்கு மேல். காற்றைக் குளிர வைத்து உள்ளே அனுப்பினால்தான் மனுசன் நிற்க முடியும். 1902இல் சிவனசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. பெங்களூர் நகரத்துத் தெருவுக்கே 1905இல்தான் கரண்ட் விளக்கு. அதுக்கு மூணு வருசம் முந்தியே சுரங்கத்துக்கு வந்துவிட்டது. வெளிச்சம் முதலில் தங்கத்துக்குப் போச்சு, அப்புறம்தான் மனுசனுக்கு.

தாத்தாவின் படம் எங்க வீட்டில் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கிறது. பாஸ் சைஸ் படம். வெள்ளைச் சட்டை, வாரின தலை, ராபர்ட்சன்பேட்டை ஸ்டுடியோ. அவர் ஆயுசில் பாதியைக் கழித்தது பூமிக்குள்ளே. அங்கே எடுத்த படம் ஒண்ணுகூடக் கிடையாது. "தாத்தா, உள்ளே எப்படி இருக்கும்?" என்று சின்ன வயசில் கேட்பேன். "இருட்டா இருக்கும்டா, சூடா இருக்கும்" என்பார். அவ்வளவுதான். மிச்சத்தை நாமே நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

கம்பெனி தொழிலாளியைப் பதிவு செய்ய நினைத்தது முகமாக இல்லை, ரேகையாக. 1930இல் எல்லாரும் கைரேகை வைக்கணும் என்று உத்தரவு போட்டபோது, திருடனுக்கு எடுக்கிற ரேகையை எங்களுக்கு ஏன் எடுக்கிறே என்று கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். நம் வரலாற்றில் நாம் பெருமையாகச் சொல்ல வேண்டிய போராட்டம் அது. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அயோத்திதாசப் பண்டிதர் 1914இல் காலமான பிறகு 'தமிழன்' பத்திரிகையைத் தங்கவயலிலிருந்து மறுபடி கொண்டுவந்தவர் அப்பாதுரையார், 1926இல். பூமிக்குள் இறங்கின சனத்துக்கு மேலே அச்சுக்கூடம் இருந்தது, எழுத்து இருந்தது. கேமராதான் இல்லை.

கேமரா யாருக்கு இருந்தது? இங்கிலாந்தில் கார்ன்வால் என்று ஒரு பகுதி, தகரச் சுரங்கத்துக்குப் பேர் போனது. தங்கவயலுக்கு மேஸ்திரிகளாக வந்த வெள்ளைக்காரர்களில் பலர் அந்த ஊர்க்காரர்கள். அங்கே பர்ரோ என்கிற போட்டோகிராபர் சுரங்கத்துக்குள் பெட்டிக் கேமராவைச் சுமந்து போய்ப் படம் எடுத்து 1893இல் புத்தகமாகவே போட்டார். தொப்பியில் களிமண்ணால் மெழுகுவர்த்தியை ஒட்டிக்கொண்டு நிற்கிற தொழிலாளிகள் படம். மக்னீசியத்தைக் கொளுத்தி வெளிச்சம் உண்டாக்குவார். ஒரு தடவை கொளுத்தினால் வெள்ளைப்புகை அடைத்துவிடும். புகை கலைகிற வரைக்கும் அடுத்த படம் கிடையாது. அந்தப் படங்களைப் பார்த்தால் உங்களுக்கு ஒன்று தெரியும்: அந்த ஆட்கள் கேமராவை நேராகப் பார்க்கிறார்கள். படம் எடுக்கிறவரும் நிற்கிறவரும் ஒரே ஊர், ஒரே பாஷை. அதே ஊர்க்காரன் கப்பல் ஏறி இங்கே வந்து நம்ம தாத்தாவுக்கு மேலே நின்றபோது அந்த நேர்ப்பார்வை எங்கே போச்சு என்பதுதான் என் கேள்வி.

அதுக்கும் முப்பது வருசம் முந்தி, பாரிஸ் பட்டணத்தில் நாடார். நம்ம ஊர் நாடார் இல்லை, பிரெஞ்சுக்காரர், அது அவர் வைத்துக்கொண்ட புனைபேர். (சிரிப்பு) பாரிசில் பழைய இடுகாடுகளின் எலும்பையெல்லாம் அள்ளி நிலத்தடிக் குகைகளில் அடுக்கி வைத்திருக்கிறார்கள், லட்சக்கணக்கான பேருடைய எலும்பு. அந்தக் குகைக்குள்ளும், அப்புறம் சாக்கடைச் சுரங்கத்துக்குள்ளும் போய் 1860களில் பேட்டரி விளக்கு வெளிச்சத்தில் படம் எடுத்தார். ஒரு படத்துக்குப் பதினெட்டு நிமிசம் வரைக்கும் வெளிச்சம் தேவைப்பட்டதாம். எந்தத் தொழிலாளி பதினெட்டு நிமிசம் ஆடாமல் அசையாமல் நிற்பான்? எலும்புக் குகையில் பொம்மைக்குத் தொழிலாளி உடுப்பு மாட்டி நிற்க வைத்தார். பூமிக்கடிப் படத்தில் முதல் 'தொழிலாளி' ஒரு பொம்மை. அவரை நான் குறை சொல்லவில்லை. அன்றைக்கு அவ்வளவுதான் முடியும். ஆனால் அந்தப் பொம்மையை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வருவேன்.

தங்கவயலுக்குள்ளே கேமராவே போகவில்லை என்று நினைக்காதீர்கள். போச்சு. 1960களில் டாடா ஆராய்ச்சி நிறுவனத்தாரும் ஜப்பான், இங்கிலாந்து விஞ்ஞானிகளும் சேர்ந்து சாம்பியன் ரீஃப்பில் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவி வைத்தார்கள். நியூட்ரினோ என்கிற துகள், பூமியையே துளைத்துக்கொண்டு போகிற துகள். அதனால் உண்டாகிற மின்னலை நியான் குழாய்களில் பிடித்துக் கேமரா படம் எடுக்கும். 1965இல் காற்றுமண்டலத்தில் பிறக்கிற நியூட்ரினோவை உலகத்தில் முதல்முதலாகக் கண்டவர்களில் அவர்களும் உண்டு. பெரிய சாதனைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்க. கண்ணுக்கே தெரியாத ஒரு துகள் வருமா வருமா என்று இருட்டில் கேமரா காத்துக் கிடந்தது. பக்கத்துச் சுரங்கப்பாதையில் பாறை உடைத்தவன் தினமும் கண்ணுக்குத் தெரிந்துகொண்டுதான் இருந்தான்.

இன்னொரு படமும் உண்டு. எக்ஸ்ரே. 1940களில் தங்கவயல் தொழிலாளிகளின் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்த மருத்துவர்கள், சோதித்த பேரில் பத்துக்கு நாலு பேருக்கு மேல் சிலிகோசிஸ் இருக்கிறது என்று எழுதினார்கள். பாறைத்தூள் நுரையீரலில் படிந்து மூச்சை அடைக்கிற நோய். சுரங்கத்தின் உள்பக்கத்தை நமக்குக் காட்டுகிற உண்மையான படம் அதுதான் என்று நான் நினைக்கிறேன். சுரங்கம் மனுசனுக்குள் இருந்தது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடினார்கள். இன்றைக்கு சயனைடு மேட்டைப் படம் எடுக்க ஆள் வருகிறார்கள், சினிமாக்காரர்களும் வந்தார்கள். லைன் வீட்டுப் பிள்ளைகள் விடியற்காலையில் மாரிகுப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்குக் கூலி வேலைக்குப் போகிறார்கள். எங்க குடும்பம் சிப்காட்டை நம்பி ஒசூர் வந்தது.

சரி, தொழில் விசயத்துக்கு வருகிறேன். இருட்டான இடத்தில் கேமரா மேலேயே ஃபிளாஷை வைத்து அடித்தால் என்ன ஆகும்? காற்றில் இருக்கிற தூசி, ஈரம், நீங்க விடுகிற மூச்சு, எல்லாம் வெள்ளைப் புள்ளியாகப் படத்தில் விழும். அதனால் ஃபிளாஷைக் கேமராவை விட்டுத் தள்ளி, பக்கவாட்டில் பிடிக்கணும். பெரிய இடமாக இருந்தால் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி ஷட்டரைத் திறந்தே வைத்துவிட்டு, ஒருத்தர் கை டார்ச்சை எடுத்துக்கொண்டு சுவர் நெடுக வெளிச்சத்தைப் பூசிக்கொண்டே போகலாம், சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி. குகைக்குள் படம் எடுக்கிறவர்கள் இன்றைக்கும் இப்படித்தான் செய்கிறார்கள். குளிர்ந்த கேமராவை வெக்கையான குழிக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் லென்சில் ஆவி படியும். பத்து நிமிசம் வெளியே வைத்துப் பழக விடுங்க. அளவு தெரிய ஏதாவது ஒன்று படத்தில் இருக்கணும். ஆள், குடம், செருப்பு, எதுவானாலும். இல்லாவிட்டால் கிணறா, டம்ளரா என்றே தெரியாது.

மல்லபாடிப் பக்கம் குகை ஓவியம் எடுக்கப் போகிற தம்பிங்களுக்கு ஒரு வார்த்தை. கோடு பளிச்சென்று தெரியணும் என்று தண்ணி தெளிக்காதீங்க. ஆயிரக்கணக்கான வருசம் தாங்கினது உங்க ஒரு படத்துக்காக அழிஞ்சு போயிடும்.

இதெல்லாம் குகைக்கு, பாலத்துக்கு அடியில், பெங்களூர் பேஸ்மெண்டு பார்க்கிங்குக்கு. செப்டிக் டேங்க், பாதாளச் சாக்கடைக்கு ஒரே விதிதான்: உள்ளே போகாதே, தலையை நீட்டாதே, யாரையும் உள்ளே அனுப்பிப் படம் எடுக்காதே. ஹைட்ரஜன் சல்பைடு என்கிற வாயு அழுகின முட்டை நாத்தம் அடிக்கும். அளவு அதிகமானால் நாத்தமே தெரியாது, மூக்கு மரத்துப் போகும். நாத்தம் போச்சு, பத்திரம் என்று நினைத்துக் குனிந்தவன் விழுவான். அவனைத் தூக்கப் போன ரெண்டாவது ஆள் விழுவான், மூணாவது ஆள் விழுவான். பேப்பரில் நீங்க படிக்கிற 'மூவர் பலி' எல்லாம் பெரும்பாலும் இப்படித்தான். மீத்தேனும் சேர்ந்திருக்கும், ஒரு பொறி போதும். தீக்குச்சி கொளுத்திப் பார்க்கிற பழக்கத்தை விட்டுடுங்க.

இப்ப என் எட்டுப் படம். 2016. நான் ஒரு ஸ்டுடியோவில் சம்பளத்துக்கு இருந்தேன். ஒரு நாள் மத்தியானம் போன் வந்தது, ஒரு இடத்தில் 'ஆக்சிடெண்டு', ஃபைலுக்கு போட்டோ வேணும் என்று. எந்த இடம், யாருடையது என்று சொல்ல மாட்டேன். போனேன். செப்டிக் டேங்க். உடம்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மூடி திறந்து கிடந்தது. ஒரு தகர வாளி, தேங்காய் நார்க் கயிறு, பக்கத்தில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. செருப்பை ஒழுங்காக ஜோடி சேர்த்துக் கழட்டி வைத்திருந்தான், கோயிலுக்குள் போகிறவன் மாதிரி. வெளிச்சம் எப்படி விழுது என்று பார்க்க மூணு படம் தட்டினேன்.

"இருப்பா, இரு" என்றார் சூப்பர்வைசர். உள்ளேயிருந்து ஒரு பையன் ஹெல்மெட், முகமூடி, பெல்ட் எல்லாம் கொண்டுவந்தான். முகமூடி இன்னும் பிளாஸ்டிக் கவரைவிட்டு வெளியே வரவில்லை. கவரைப் பிரித்துக் குழி ஓரத்தில் வைத்தார்கள். செருப்பைக் காலால் தள்ளினார்கள். "இப்ப எடு." அஞ்சு படம் எடுத்தேன். நல்லாத்தான் எடுத்தேன், தோழர்களே. ஃபோகஸ், எக்ஸ்போஷர் எல்லாம் சுத்தம். எண்ணூறு ரூபாய் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அந்த அஞ்சு படமும் என்ன சொல்லுது? எல்லாப் பாதுகாப்புச் சாமானும் கொடுத்தோம், அவன்தான் போட்டுக்காமல் இறங்கிட்டான் என்று சொல்லுது. நாடார் வைத்தது பொம்மை என்று சொன்னேன் அல்லவா, அது பொம்மைதான் என்பதை அவர் யாருக்கும் மறைக்கவில்லை. நான் பொம்மையை வைத்து நிஜம் என்று கையெழுத்துப் போட்டேன்.

பதினோரு நாள் கழித்து செத்துப்போனவருடைய தம்பி ஸ்டுடியோவுக்கு வந்தார். நான் அங்கே படம் எடுத்தது அவருக்குத் தெரியாது. ரேசன் கார்டு படத்தைக் கொடுத்து, பெரிசு பண்ணித் தரச் சொன்னார். காரியத்துக்கு மாலை போட. "அண்ணனுக்குச் சட்டை வேற கலர் மாத்தித் தர முடியுமாண்ணா, இது அழுக்கா இருக்கு" என்றார். மாற்றிக் கொடுத்தேன். படத்தை வாங்கிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். நான் உட்கார்ந்தே இருந்தேன். அப்புறம் ஓடிப்போய் பஸ் ஸ்டாண்டில் பிடித்தேன். முதல் மூணு படத்தையும் கொடுத்தேன். ஏன் இத்தனை நாள் கழிச்சு என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

வக்கீல் அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, உன் கேமராவில் மணி சரியா என்று. பேட்டரி மாற்றினபோது தேதி நேரம் சரி பண்ணாமலே விட்டிருந்தேன். படத்துக்குள் பதிவான நேரம் ராத்திரி ரெண்டே கால் என்று இருந்தது, படத்தில் வெயில் அடிக்கிறது. எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொண்டது. ஆனாலும் எட்டுப் படமும் ஒரே கார்டில், வரிசை எண்ணோடு இருந்தது. சாமான் இல்லாத படம் முந்தி, சாமான் உள்ள படம் பிந்தி. அது நின்றது. பணம் பேசி முடித்தார்கள். அந்தக் குடும்பத்துக்கு நியாயம் கிடைத்ததா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பணம் கிடைத்தது. எனக்கு வேலை போச்சு.

சட்டம் என்ன சொல்கிறது? 2013ஆம் வருசச் சட்டம், 7ஆவது பிரிவு, பாதுகாப்பு இல்லாமல் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ ஆளை இறக்குவதைத் தடை செய்கிறது. 2014 மார்ச் 27இல் உச்ச நீதிமன்றம், 1993இலிருந்து இப்படிச் செத்த ஒவ்வொருத்தர் குடும்பத்துக்கும் 10 லட்சம் கொடு என்றது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. அந்த 2014 தீர்ப்பு எப்படி வந்தது தெரியுமா? சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் 2003இல் போட்ட வழக்கு. எங்க மாநிலத்தில் கையால் மலம் அள்ளுகிறவர் யாருமே இல்லை என்று அரசாங்கங்கள் சத்தியம் பண்ணின. ஆள், இடம், புகைப்படம் எல்லாம் திரட்டிக் கொண்டுபோய்க் காட்டினார்கள். அதனால், இந்த மாதிரிப் படமே எடுக்கக் கூடாது, நம்மவர்களை அசிங்கத்தில் காட்டக் கூடாது என்று சொல்கிற தோழர்களோடு நான் முழுசா ஒத்துப்போக முடியாது. எதிராளி பொய் சத்தியம் பண்ணும்போது காட்டித்தான் ஆகணும்.

ஆனால் பத்திரிகையில் வருகிற அந்தப் படம் இருக்கிறதே, மேன்ஹோலிலிருந்து கழுத்து வரைக்கும் கறுப்புத் தண்ணியில் ஒரு தலை நீட்டிக்கொண்டிருக்கும், மேலேயிருந்து எடுத்தது. அதைப் பார்த்தாலே எனக்கு எரியுது. அந்தக் கோணம் யார் நிற்கிற இடம்? காண்டிராக்டர் நிற்கிற இடம், மேஸ்திரி நிற்கிற இடம். தண்டாயுதபாணி மாதிரி மேலே நின்று கீழே பார்க்கிற பார்வை. சாதி ஒரு கோணமும்தான். அந்தப் படத்தில் அவர் பேர் இருக்காது, 'துப்புரவுத் தொழிலாளி' என்றுதான் இருக்கும்.

வேற மாதிரி எடுத்தவர்கள் இருக்கிறார்கள். பம்பாயில் சுதாரக் ஓல்வே, நம்மவர். மாநகராட்சித் துப்புரவுத் தொழிலாளிகளோடு வருசக்கணக்கில் இருந்து எடுத்தார், அவங்க வீட்டுக்குள்ளும் போய் எடுத்தார். நம்ம பழனிகுமார், மதுரைக்காரர், திவ்யபாரதியின் 'கக்கூஸ்' படத்துக்கு 2017இல் கேமரா பிடித்தவர். அந்தப் படத்தைத் திரையிட விடாமல் பல ஊரில் போலீஸ் தடுத்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. செத்தவர்களின் வீடுகளுக்குப் போனார். பெண்டாட்டி, பிள்ளைங்க, சுவரில் மாலை போட்ட படம். குழியைவிட அந்த வீடு நிறையப் பேசுது. முக்கியமா, அந்தம்மாக்கள் கேமராவை நேராகப் பார்க்கிறார்கள்.

எங்கே படம் எடுத்தாலும் கேட்டுட்டு எடுங்க. முகம் வேணாம் என்றால் வேணாம், வேலை போயிடும்னு பயம் இருக்கும். எடுத்ததைத் திருப்பிக் கொண்டுபோய்க் காட்டுங்க. சாவு நடந்த இடமானால் முதலில் தூரத்திலிருந்து இடம் முழுசும், அப்புறம் கிட்ட. போர்டு, கேட், வண்டி நம்பர், கயிறு, வாளி, மூடி. எதையும் நகர்த்தாதே, நகர்த்துகிறவனையும் ஒரு படம் எடு. எதையும் அழிக்காதே, மங்கலாக விழுந்ததைக்கூட.

மெட்ரோ சுரங்கம் தோண்டும்போது பெங்களூரில் எந்திரத்துக்குப் பேர் வைத்தார்கள். காவேரி, கிருஷ்ணா, கோதாவரி. எந்திரம் மண்ணைப் பிளந்து வெளியே வருகிற நிமிசத்தைப் படம் எடுக்கப் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு நிறுத்துகிறார்கள். அதுவும் பூமிக்கடிப் படம்தான். 2023 நவம்பரில் உத்தரகாண்டு சில்க்யாரா சுரங்கத்தில் 41 பேர் மாட்டிக்கொண்டார்கள். ஒன்பது நாள் கழித்து ஆறு அங்குலக் குழாய் வழியாக வயிற்றுக்குள் விடுகிற மாதிரிக் கேமராவை விட்டுத்தான் உயிரோடு இருக்கிற முகங்களைப் பார்த்தார்கள். நாடே அழுதது. கடைசியில் எந்திரம் உடைந்தபோது கையால் தோண்டி அவர்களை வெளியே எடுத்தது எலிவளைச் சுரங்கத் தொழிலாளிகள். தலித்துகளும் முஸ்லிம்களும் அதில் உண்டு. எலிவளைச் சுரங்கத்தை 2014இல் பசுமைத் தீர்ப்பாயம் தடை பண்ணியிருந்தது, அந்தக் கையைத்தான் தேட வேண்டியிருந்தது.

ஆறு அங்குலக் குழாயில் கேமரா போகும் என்றால், நம்ம ஊர்ச் சாக்கடை மூடி அதைவிடப் பெரிசு. 2018இல் கேரளாக்காரப் பசங்க 'பாண்டிகூட்' என்று ஒரு எந்திரம் செய்தார்கள். கேமராவோடு மேன்ஹோலுக்குள் இறங்கும், மேலே நிற்கிறவர் திரையில் பார்த்து இயக்குவார். திருவனந்தபுரத்தில் தொடங்கி நம்ம கும்பகோணத்துக்கும் வந்தது. ஒசூரை 2019இல் மாநகராட்சி ஆக்கியிருக்கிறார்கள். தனியார் கட்டடத்துச் செப்டிக் டேங்குக்கு யார் எந்திரம் கொண்டுவருவார்கள் என்று நீங்க போய்க் கேளுங்க. கேட்கும்போது ஒருத்தர் படம் எடுங்க.

இப்ப எல்லாரும் உங்க கேமராவை எடுங்க. செல்போனில் தானா நேரம் சரியா இருக்கும், கேமரா வைத்திருக்கிறவங்க செட்டிங்குக்குள் போய்த் தேதியும் மணியும் பாருங்க. யாருது தப்பா இருக்கு? கை தூக்குங்க.